இரண்டாவது குடையை மடித்தவர் யார்?

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்கே, மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆரஞ்சு என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. மில்லர்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூர் ஒரு காலத்தில் இரண்டு பொருள்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஒன்று, 'நியூ ஹோம்' என்ற தையல் இயந்திரம். மற்றொன்று, மரவள்ளி மாவிலிருந்து செய்த 'மினிட் டாப்பியோக்கா' என்ற ஜவ்வரிசி. காலம் மாறிற்று, அவ்விரு தொழில்களும் ஊரை விட்டு அகன்றன. ஆனால் 1959-ஆம் ஆண்டு மே மாதத்தில், அவ்வூர் விமானத் திடலில், எவரும் எதிர்பாராத வேறொரு தொழில் தொடங்கியது. பறக்கும் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக் கொடுப்பதே அது!

அதைத் தொடங்கியவர் ஜாக் ஆந்த்ரே இஸ்தெல். பாரிஸ் நகரில் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவனாக அமெரிக்காவில் குடியேறியவர். படைவீரருக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட ஒரு செயலைச் சில மணி நேரப் பயிற்சிக்குப் பின் சாதாரண மனிதரும் செய்ய முடியும் என்று அவர் எண்ணினார்; செய்தும் காட்டினார். 1962-இல் உலக பாரசூட் போட்டியே அச்சிற்றூரில் நடைபெற்றது. இன்றும் அத்திடலில் மனிதர்கள் வானிலிருந்து இறங்கிய வண்ணமே இருக்கின்றனர்.

இதைப் படிக்கும் வாசக அன்பர்கள் பலரும் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: "உயிர் இறைவன் தந்த கொடையன்றோ? போருக்காகவோ, பிறர் உயிர் காக்கவோ அதனைப் பணயம் வைத்தால் பொருளுண்டு. வெறும் பொழுதுபோக்கிற்காக வானிலிருந்து குதிப்பது எவ்வாறு தகும்?" கேள்வி நியாயமானதே. ஆனால் விடை கூறுமுன், அவ்விளையாட்டு எவ்வாறு நடைபெறுகிறது, அதில் உயிரைக் காப்பது எது, உயிரைப் பறிப்பது எது என்பவற்றை நாம் சற்று அறிந்துகொள்வது நலம்.

துணியும் கயிறும்

பாரசூட் என்னும் வான்குடையின் வரலாறு விமானத்தை விடப் பழைமையானது. 1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், பாரிஸ் நகரின் மொன்சோ பூங்காவிலிருந்து ஆந்த்ரே ஜாக் கர்னெரன் என்பவர் பலூனில் எழுந்தார். பலூனுக்குக் கீழே பட்டுத் துணியாலான குடை, குடைக்குக் கீழே ஒரு கூடை, கூடைக்குள் அவர். உயரே சென்றதும் பலூனோடு பிணைத்த கயிற்றை அறுத்தார். குடை விரிந்தது. கூடை ஊஞ்சல் போலப் பயங்கரமாக ஆடியது. எனினும் அவர் உயிரோடு தரை சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1799-இல், ழான் ஜெனவியேவ் லபுரோஸ் என்னும் பெண்மணியும் அவ்வாறே இறங்கினார்.

ஆயினும் ஓர் ஐயம் நெடுங்காலம் நிலவியது. குடை விரியாமல் வெறுமனே விழும் மனிதன் நினைவிழந்துவிடுவான். தானே கயிற்றை இழுத்துக் குடையைத் திறக்க அவனால் இயலாது என்று பலர் உறுதியாக நம்பினர். 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரை அடுத்த மக்குக் திடலில், லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்திலிருந்து குதித்து, காற்றில் விழுந்துகொண்டே தம் கையால் கயிற்றை இழுத்தார். குடை விரிந்தது, ஐயம் அகன்றது. தரையில் இறங்கியபோது அவர் கணுக்கால் முறிந்தது என்பது வேறு செய்தி!

பின்னர், 1922-இல், பாரசூட்டினால் உயிர் தப்பிய விமானிகளுக்கென 'கம்பளிப்புழு மன்றம்' என்றொரு அமைப்பு தோன்றியது. அன்றைய குடைகள் பட்டினால் ஆனவை. எனவே தம் உயிரைக் காத்த நூலை நூற்ற பட்டுப்புழுவை அவ்வீரர்கள் நன்றியோடு தம் சின்னமாக்கிக் கொண்டனர். மார்பில் அணியும் பதக்கத்திலும் ஒரு சிறு புழு! எளிய உயிரொன்றின் உழைப்பை மறவாத அந்த நன்றியுணர்வு பாராட்டத்தக்கது.

போர் ஓய்ந்த பின், இது விளையாட்டாக வளர்ந்தது. 1951-இல் யுகோஸ்லாவியாவின் பிளெட் நகரில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 1956-இல் மாஸ்கோவில் நடைபெற்ற போட்டிக்கு அமெரிக்க அணியை அழைத்துச் சென்றவர் நாம் முன்னர்க் குறிப்பிட்ட இஸ்தெல். 1964-இல் தோமினா ஜல்பர்ட் என்னும் பட்டம் கட்டும் கலைஞர் வேறொரு வடிவத்தைக் கண்டார். வட்டக் குடைக்குப் பதிலாக, முன்புறம் வாய் திறந்த அறைகள் வரிசையாகத் தைக்கப்பட்டு, காற்றைத் தாமே உட்கொண்டு விறைத்து நிற்கும் துணிச் சிறகு அது. வட்டக் குடை காற்றோடு போகும். சிறகோ செலுத்துபவன் விரும்பும் திசையில் போகும். இன்று இவ்விளையாட்டில் பயன்படுவது பெரும்பாலும் இச்சிறகே. இந்த மாற்றம் நன்மையோடு ஒரு தீமையையும் கொண்டு வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

திடலில் ஒரு நாள்

அமெரிக்காவில் இத்தகைய திடல்கள் இருநூறுக்கு மேல் உள்ளன. அவற்றுள் பல மிகச் சிறியவை. ஊர்ப்புறத்தில் ஒரு புல்வெளி, காற்றின் திசையைக் காட்டும் துணிப் பை ஒன்று கம்பத்தில், தகரக் கொட்டகை, அதனுள் விரித்த கம்பளம், வெளியே ஒற்றை எஞ்சின் கொண்ட செஸ்னா 182 விமானம். விமானியையும் குதிப்போர் நால்வரையும் தவிர அதில் வேறெவருக்கும் இடமில்லை. குதிப்போருக்கு இருக்கைகூட இல்லை. தரையில் முழங்காலை மடக்கி அமர வேண்டும். 10,000 அடி உயரம் ஏற இருபது நிமிடங்களுக்கு மேலாகும்.

ஆனால் திடலின் வாழ்வில் பெரும்பகுதி பறத்தலன்று, காத்திருத்தலே! மேகம் மூடினால் காத்திருக்க வேண்டும். காற்று மிகுந்தால் காத்திருக்க வேண்டும். மாணவர் குதிக்கத் தரைக்காற்று மணிக்கு 14 மைலுக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்க பாரசூட் சங்கத்தின் விதி. காலையில் வந்து, மாலை வரை வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒருமுறையும் குதிக்காமல் வீடு திரும்பும் நாள்களும் பல. பொறுமையற்றவனுக்கு இவ்விளையாட்டு ஏற்றதன்று.

அங்குக் கூடுவோரும் பலவகையினர். வாரம் முழுதும் மருத்துவராகவும், தச்சராகவும், ஆசிரியராகவும், லாரி ஓட்டுநராகவும் உழைப்போர், சனி ஞாயிறுகளில் ஒரே கம்பளத்தில் மண்டியிட்டுத் துணி மடிக்கின்றனர். விமானியோ பெரும்பாலும் இளைஞர். பெரிய விமானங்களை ஓட்டும் தகுதி பெறுவதற்காகப் பறந்த மணிகளைச் சேர்த்துக்கொண்டிருப்பவர். பிறர் குடைகளை மடித்துக் கொடுத்து, மடிப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரும் உண்டு. ஒவ்வொரு குதிப்பையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மாணவருடைய ஏட்டில் மற்றொருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். முதல் உரிமம் பெறக் குறைந்தது 25 குதிப்புகள் தேவை. மிக உயர்ந்த உரிமத்திற்கு 500.

முதன்முறை எதைச் சாதித்தாலும் தோழர்களுக்குப் பியர் வாங்கித் தரவேண்டும் என்பது அவர்களின் பழவழக்கம். அதனை நாம் போற்றப்போவதில்லை. ஆயினும் அவ்வழக்கத்திலும் ஓர் ஒழுங்குண்டு: அன்றைய கடைசி விமானம் சென்று, கடைசிக் குதிப்பாளர் தரை சேரும் வரை எவரும் அப்புட்டியைத் தொடலாகாது. மது அருந்தியவனை விமானத்தில் ஏற்றுவது அந்நாட்டுச் சட்டப்படியே குற்றமாகும்.

தன் முதுகு தனக்குத் தெரியாது

விமானத்தினின்று வெளியேறியவன் பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் மணிக்கு ஏறத்தாழ 120 மைல் வேகத்தை அடைகிறான். அதன் பின் காற்றின் தடை அவன் எடைக்குச் சமமாகிவிடுவதால் வேகம் கூடுவதில்லை. 10,000 அடியில் குதித்து 4,000 அடியில் குடையைத் திறப்பவனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 35 வினாடிகளே. திறக்கத் தவறினாலோ, எஞ்சியிருப்பது இன்னும் 23 வினாடிகள்!

இந்நிலையில் அவனைக் காப்பது எது? அவன் துணிவா? அன்று. அவன் முதுகிலுள்ள பையில் இரண்டு குடைகள் இருக்கின்றன. ஒன்று முதன்மைக் குடை. அதை அவனே மடிக்கலாம். கயிறுகளை நேராக்கி, துணி அறைகளை ஒழுங்குபடுத்தி, சிக்கலின்றி மடித்துப் பைக்குள் அடைக்கத் தேர்ந்த கைக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும்.

இரண்டாவது, காப்புக் குடை. முதல் குடை விரியாமலோ, சிக்கலாகவோ போனால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு இதனைத் திறக்க வேண்டும். இக்காப்புக் குடையை அவன் தன் விருப்பம்போல் மடிக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அரசுச் சான்று பெற்ற 'ரிக்கர்' என்னும் மடிப்பாளரே அதை மடிக்க வேண்டும். ஒருவர் ரிக்கராக வேண்டுமாயின், மேற்பார்வையில் குறைந்தது 20 குடைகளை மடித்துக் காட்டி, எழுத்து, வாய்மொழி, செய்முறைத் தேர்வுகளில் தேற வேண்டும். 180 நாள்களுக்கு ஒருமுறை, பயன்பட்டாலும் பயன்படாவிட்டாலும், காப்புக் குடையைப் பிரித்து, துணியையும் தையலையும் கயிற்றையும் சோதித்து, மீண்டும் மடிக்க வேண்டும்.

மடிப்பாளரின் வேலையை நாம் சற்று எண்ணிப் பார்ப்போம். தொடங்குமுன் தம் கருவிகளை எண்ணி வைக்கிறார். முடித்த பின் மீண்டும் எண்ணுகிறார். ஒன்று குறைந்தாலும் அது குடைக்குள் சிக்கியிருக்கலாம். ஆதலால் அனைத்தையும் பிரித்துத் தேட வேண்டும். பின்னர்ச் சிவப்பு நூலால் முள்ளைக் கட்டி, ஈய முத்திரையை நசுக்கித் தம் அடையாள எழுத்துகளைப் பதிக்கிறார். அட்டையில் நாளையும் தம் பெயரையும் எழுதிக் கையொப்பமிடுகிறார். அக்குடை ஒருபோதும் திறக்கப்படாமலே போகலாம். திறக்கப்பட்டால், அதைச் சுமந்தவனுக்கு வேறு வழியில்லை என்பது பொருள். மடித்தவர் அவ்வேளையில் தம் வீட்டில் உணவருந்திக்கொண்டிருக்கலாம். அவர் முன்னொரு நாள் யாரும் காணாத அறையில் செய்த வேலை, இன்று ஒருவனின் உயிராகிறது.

விமானத்தில் ஏறுமுன்னும், கதவு திறக்குமுன்னும், ஒருவர் மற்றொருவரின் முதுகைச் சோதிக்க வேண்டும். முள் நேராக உள்ளதா? பட்டை முறுக்கின்றி உள்ளதா? ஆயிரம் முறை குதித்தவராயினும், "என் பையைச் சற்றுப் பாருங்கள்" என்று அருகிருப்பவரிடம் முதுகைக் காட்ட வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் முன்னோர் வாக்கு. அத்திடலில் அது வெறும் பழமொழியன்று. உயிர் காக்கும் விதி.

குறைந்தும் மறையாத சாவு

அமெரிக்க பாரசூட் சங்கம் ஆண்டுதோறும் விபத்துகளை ஒளிக்காமல் வெளியிட்டு வருகிறது. 1970-களில் ஆண்டுக்குச் சராசரி நாற்பது பேருக்கு மேல் அந்நாட்டில் இவ்விளையாட்டில் மாண்டனர். 2023-இல், 36 இலட்சத்திற்கு மேற்பட்ட குதிப்புகளில் மாண்டோர் 10 பேர். இம்மாற்றத்தை உண்டாக்கியவை எவை?

1970-களின் நடுவில் பில் பூத் என்பவர் மூன்று வளையங்களாலான ஓர் எளிய பூட்டை அமைத்தார். பழுதுபட்ட குடையை ஒரே இழுப்பில் கழற்றிவிட அது உதவியது. 1991-இல் ஜெர்மனியில் 'சைப்ரஸ்' என்ற சிறு கருவி வந்தது. குதித்தவன் நினைவிழந்தோ நேரத்தை மறந்தோ, ஏறத்தாழ 750 அடி உயரத்திலும் வேகம் குறையாமல் விழுந்தால், அது தானே காப்புக் குடையைத் திறந்துவிடும். பயிற்சி முறைகளும் செம்மையாயின. ஒவ்வொரு சாவும் ஆராயப்பட்டு, அதிலிருந்து விதிகள் பிறந்தன. தங்கள் தவறுகளைத் தாங்களே வெளிப்படையாக எழுதி வைக்கும் சமூகம் பிழைக்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

ஆனால் எஞ்சியுள்ள சாவுகளை ஆராய்வோர் வியப்பூட்டும் ஓர் உண்மையைக் காண்கின்றனர். மாள்வோரில் பெரும்பாலோர் புதியவர் அல்லர், பழகியவர்களே. அவர்களுள் பலரின் குடை பழுதானதும் அன்று; நன்கு விரிந்த, குறையற்ற குடையின் கீழேயே அவர்கள் மாண்டனர்! அது எவ்வாறு?

நாம் முன்னர்க் கூறிய துணிச் சிறகே காரணம். அதைச் சிறியதாக்கினால் வேகம் கூடும். தரைக்கு அருகில் வந்ததும் ஒருபுறக் கயிற்றை வலிந்து இழுத்தால் சிறகு சாய்ந்து பாயும். அவ்வேகத்தில் புல்லை உரசிக்கொண்டு நெடுந்தூரம் வழுக்கிச் செல்லலாம். காண்போர் கைதட்டுவர். ஆனால் அத்திருப்பத்தைத் தொடங்கும் உயரம் சில அடிகள் குறைந்தாலும், சிறகு நிமிருமுன் தரை வந்துவிடும். ஆனைக்கும் அடி சறுக்கும் அன்றோ? இங்கே சறுக்கிய ஆனை எழுவதில்லை.

பில் பூத் பெயரால் வழங்கும் கூற்றொன்று உண்டு: கருவிகள் எவ்வளவு பாதுகாப்பானவை ஆகின்றனவோ, அவ்வளவுக்கு மனிதர் கூடுதல் ஆபத்தைத் தேடிச் செல்கின்றனர் என்பதே அதன் சாரம். உயிர் காக்கும் கருவியைச் செய்தவரே இவ்வாறு கூறினார் என்பது எண்ணத்தக்கது. அச்சமுள்ள மாணவன் ஒவ்வொரு முள்ளையும் பார்க்கிறான். ஆசானின் சொல்லைக் கேட்கிறான். ஆயிரம் முறை தப்பியவனோ, 'எனக்குத் தெரியும்' என்கிறான். அச்சொல்லைத் தடுக்க எந்தக் கருவியும் இன்னும் செய்யப்படவில்லை.

கீழே காத்திருப்போர்

வானில் இருப்பவனைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். புல்வெளியோரத்தில் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, விரிந்த குடைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் மனைவியைப் பற்றி யார் பேசுகின்றனர்? நான்காவது குடை விரியும் வரை அவள் மூச்சு அவளிடம் இல்லை. குதிப்பவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைப்பதாக எண்ணினால் அது பொய். உயிர் ஒருவனுக்கு மட்டும் சொந்தமன்று. அதில் பெற்றோருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மக்களுக்கும் பங்குண்டு. மேலும், எல்லாச் சனி ஞாயிறுகளையும் திடலிலேயே கழிப்பவனின் வீட்டில், விபத்தே நேராவிடினும், ஏதோ ஒன்று மெல்லக் குறைகிறது.

தோழர் ஒருவர் மாண்டால், அவருடைய சாம்பலை வானிலே கொண்டு சென்று, குதித்தபடியே தூவுவது அவர்களிடையே ஒரு வழக்கம். சாம்பலைத் தூவுவதைத் திருச்சபை ஏற்பதில்லை. 2016-இல் வெளிவந்த உரோமை அறிவுறுத்தல் அதைத் தெளிவாகவே கூறியுள்ளது. நாமும் அதையே கூறுவோம். எனினும், கைகோத்து வட்டமாய் விழுந்து, நண்பனுக்கு விடைகொடுத்துவிட்டு, கண்ணீரோடு தரை இறங்கும் அம்மனிதரின் அன்பைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை.

விடை

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு நம் விடை யாது? துணிவு ஒரு நற்பண்பே. ஆனால் விவேகம் கைப்பிடித்து அழைத்துச் செல்லாத துணிவு நற்பண்பாக நில்லாது, வெறும் துடுக்காகிவிடும். ஒரே உயரத்திலிருந்து இருவர் குதிக்கலாம். காற்றை அளந்து, விதியை மதித்து, தன் முதுகைப் பிறர் பார்க்க இடம் கொடுத்து, காத்திருக்கும் குடும்பத்தை நினைவில் கொண்டு குதிப்பவன் ஒருவன். கைதட்டலுக்காகத் தரையருகே திருப்பம் எடுப்பவன் மற்றொருவன். முன்னவன் விளையாடுகிறான்; பின்னவன் உயிரோடு விளையாடுகிறான். வேறுபாடு உயரத்தில் இல்லை, உள்ளத்தில் உள்ளது.

நம் பிள்ளைகள் இதையோ, மலையேற்றத்தையோ, விரைவு வண்டி ஓட்டத்தையோ விரும்பினால், "வேண்டாம்" என்ற ஒரே சொல்லோடு பெற்றோர் நின்றுவிட வேண்டாம். நான்கு கேள்விகள் கேளுங்கள். கற்பிப்பவர் யார்? அவர் தகுதி என்ன? புறப்படுமுன் உன்னைச் சோதிப்பவர் யார்? அவர் "இன்று வேண்டாம்" என்றால் திரும்பி வர உனக்கு மனமுண்டா? கடைசிக் கேள்விக்கு உண்மையாக "உண்டு" என்று கூறக் கூடியவனே துணிவுள்ளவன்.

வானிலிருந்து குதிக்காத நம்மனைவருக்கும்கூட, நாம் ஒருபோதும் கண்டறியாத யாரோ ஒருவர், ஏதோ ஓர் அறையில், ஒரு காப்புக் குடையைக் கவனமாக மடித்து வைத்திருக்கிறார். பேருந்தின் தடையைச் சரிபார்த்த தொழிலாளியும், மருந்தை அளந்து கலந்தவரும், இரவில் இருப்புப்பாதையைச் சோதித்து நடந்தவரும் அத்தகையோரே. பிறருக்காக நாம் செய்யும் வேலையிலும், கருவிகளை இரண்டாம் முறை எண்ணிப் பார்த்த பின்னரே நம் முத்திரையைப் பதிப்போமாக.